நெடுங்கரிசலின் டிஸ்க் மழை

புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்றைக்கே சண்முகத்தாய் அதைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். தாம்பாளத் தட்டு மாதிரி மெலிசாக, மினுமினுப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சனியனுக்கு டிஸ்க் போட ஒரு வாய் கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, கவிழ்த்துப் போட்டுத் தடவிப் பார்த்தாலும் இல்லை. கூடவே வந்த உத்தரவிலோ, நெடுங்கரிசல் மழைமானி நிலையத்தில் இருக்கிற பழைய டிஸ்க்குகள் அத்தனையையும் இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தலைமை அலுவலகத்துக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது.

"வாயே இல்லாத பிள்ளைக்கு எப்படி சார் சோறு ஊட்டுறது?" என்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே அங்கே தினகர் என்று ஒருவர் இருந்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல். "வெளியில மாட்டுற டிரைவ் ஒண்ணு அனுப்புறோம் மேடம்" என்றார். அனுப்பினார்கள். அதன் வயர் கம்ப்யூட்டரின் ஓட்டைக்குள் போக மாட்டேன் என்றது. நடுவில் மாட்ட ஒரு துண்டு அனுப்பினார்கள். அது போனது, ஆனால் டிரைவ் சுற்றவில்லை, கரண்டு பத்தவில்லையாம். கரண்டுக்கு இன்னொரு வயர் வந்தது. அதையும் மாட்டினால் டிரைவ் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, உள்ளே இருப்பது டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. "டிஸ்க் இல்லாம பின்னே அப்பளமா?" என்று சண்முகத்தாய் அதன் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

மழைமானி நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு பீரோ, ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான். மழையை அளக்கிற மானி உப்போடைக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், கம்பிவேலிக்குள் நிற்கிறது. தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு ஆள் ஓடையைத் தாண்டிப் போய் அதைப் பார்க்க வேண்டும். மழை பெய்திருந்தால் அளந்து எழுத வேண்டும். பெய்யவில்லை என்றால், பெய்யவில்லை என்பதையும் அங்கேயே போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கரிசக்காட்டில் வருசத்தில் முக்கால்வாசி நாள் அந்த இரண்டாவது வேலைதான்.

அந்த வேலையை முதலில் பார்த்தவன் அவளுடைய புருசன் கூடலிங்கம். அளந்துவிட்டு வந்து அன்றன்றைக்கு மழையை அன்றன்றைக்கே டிஸ்க்கில் ஏற்றிவிடுவான், மாசத்துக்கு ஒரு டிஸ்க், மாசம் முடிந்ததும் மேலே மார்க்கரால் மாசத்தையும் வருசத்தையும் எழுதி பீரோவில் அடுக்கிவிடுவான். ஒரு ஐப்பசியில் மழை நாள்கணக்காக விடாமல் அடித்தபோது, ஓடையைத் தாண்டுகையில் குடையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நனைந்த கோழியாக வீட்டுக்கு வந்து நின்றான். "ஒரு குடையைக் காப்பாத்தத் துப்பில்ல, இவரு ஊர் மழையை அளக்கப் போறாரு" என்று சண்முகத்தாய் கத்தினாள். மறுநாள் விடிந்தபோது மழை இன்னும் பேயாக ஊற்றிக்கொண்டிருந்தது. "இன்னைக்குப் போகாட்டி என்ன? பெய்யிது பெய்யிதுன்னு ஊரே சொல்லுதே, அளந்துதான் தெரியணுமா?" என்றாள். எட்டரை மணிக்குப் போகணுமே என்று சொல்லிவிட்டு, சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு போனான். கண்மாய்க்கரை உடைந்து வந்த வெள்ளம் உப்போடையில் அவனைக் கொண்டுபோனது. ஆள் கிடைக்கவில்லை. கருணை அடிப்படையில் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள், அவளும் தினமும் எட்டரை மணிக்கு அதே ஓடையைத் தாண்டிப் போகிறாள், டிஸ்க்கில் ஏற்றாமல் அளவை நேரே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறாள், போகிற வழியெல்லாம் அவனைத் திட்டுகிறாள், ஊர் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

டிஸ்க்குக்கு என்ன கேடு என்று கடைசியில் அவளேதான் கண்டுபிடித்தாள். வாட்ச்மேன் சங்கிலி அண்ணாச்சி பக்திமான். ஆயுத பூஜை வந்தால் பீரோவுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, அளவுக் குப்பிக்குப் பொட்டு, ஒரு டிஸ்க் விடாமல் அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அதுவும் இரண்டு பக்கமும். வருசா வருசம்.

"ஏண்ணாச்சி, பளபளன்னு இருக்கிற பக்கத்துலயுமா வப்பாக?"

"எழுத்து இருக்கிற பக்கத்துல பொட்டு எடுப்பாத் தெரியல தாயி. இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கா, அம்சமா இருந்துச்சு."

அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. பிறகு ஈரத் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு டிஸ்க்காகத் துடைத்தாள். ஒரு பக்கம் சந்தனம் போனது. மறுபக்கம் சந்தனத்தோடு சேர்ந்து கூடலிங்கம் எழுதி வைத்திருந்த மாசமும் வருசமும் போய்விட்டன. எந்த டிஸ்க் எந்தக் காலத்தது என்று இனி அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

துடைத்த முதல் டிஸ்க்கைப் போட்டாள். டிரைவ் கர்ர் என்று சுற்றி, திரையில் எண்கள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன. வெளியே மழை பெய்தது.

ஆனி மாத வெயில், வானத்தில் பஞ்சு அளவு மேகம்கூட இல்லை, ஆனாலும் கனமான நல்ல மழை, ஊர் எல்லைக்கல் வரைக்கும் பெய்தது, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றிருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் காய்ந்த சட்டையோடு வேடிக்கை பார்த்தார்கள். திரையில் கடைசி எண் இறங்கியதும் மழை நின்றது. டிஸ்க்கை மறுபடி போட்டுப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மாசத்து மழை முழுவதும் ஒரே மத்தியானத்தில் வெளியே கொட்டித் தீர்ந்துவிட்டது. "இது வேறயா?" என்றாள் சண்முகத்தாய்.

ஊர் இதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை, புகாராகத்தான் எடுத்துக்கொண்டது. மாடியில் வடகம் காயப்போட்டவர்கள் முதலில் வந்தார்கள். அவர்கள் போவதற்குள் மிளகாய்க் களத்துக்காரர்கள் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, குச்சியெல்லாம் நமுத்துப் போச்சு, யாரைக் கேட்டு மழை பெய்ய விட்டீக என்று காரில் வந்து இறங்கிக் கேட்டார். உழுது பயிர் வைக்கிற சம்சாரிகள் இதற்கு நேரெதிராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்: உழவுக்கு இன்னும் கொஞ்சம் ஈரம் வேணும், இன்னொரு டிஸ்க் போட்டால் குறைந்தா போய்விடும்? நாலா பக்கத்துச் சத்தத்துக்கும் நடுவில் உட்கார்ந்து சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

பஞ்சாயத்துத் தலைவர் ராசாக்கனி கூட்டம் போட்டார். வேலைநாளில் மழை கூடாது, தீப்பெட்டி ஆபீஸ் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்கடை மூடிய பிறகு, வாரத்துக்கு ஒரு டிஸ்க் என்று முடிவானது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊரில் கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிடுவார்கள், கல்யாணம் வைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பார்கள், வெளியூர்ச் சம்பந்திக்கு எழுதும்போது குடையோடு வரவும் என்று சேர்த்து எழுதுவார்கள். ஆபீஸ் வாசலில் தேங்காய் பழத் தட்டோடு நிற்கவும் ஆரம்பித்தார்கள். "மதினி, இடியில்லாத மாசமாப் பாத்துப் போடுங்க, பசு சினையா இருக்கு" என்பாள் ஒருத்தி. "அக்கா, எனக்குச் சாரல் போதும்" என்பான் வெற்றிலைக் கொடிக்கால்காரன். "இது என்ன ஓட்டலா, ஆளுக்கொரு பதார்த்தம் கேக்க? டிஸ்க்குல என்ன இருக்கோ அதுதான் பெய்யும், போங்க அங்கிட்டு" என்று விரட்டுவாள்.

தலைமை அலுவலகம் மட்டும் குழம்பிப் போனது. எட்டரை மணி அளவை அவள் அனுப்பியதும் தினகர் கூப்பிட்டார். "மேடம், உங்க ஊர்ல மட்டும் வாராவாரம் மழை காட்டுதே. இது டிஸ்க்குல இருந்த பழைய மழை தானே? ஏற்கெனவே கணக்குல வந்த மழையைத் திரும்பவும் காட்டக் கூடாது மேடம். இன்னைக்கு நிலவரத்துல மழை இல்லைன்னே போட்டுடுங்க." முந்தாணையைப் பிழிந்துகொண்டே, ஓடைச் சகதி முழங்கால் வரைக்கும் அப்பியிருக்க, அவள் 'மழை இல்லை' என்று போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

பிறகு, மழையில் போனவை மழையோடு திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒற்றைச் செருப்பு ஒன்று தெருவோர வாறுகாலில் மிதந்து வந்தது, மற்ற செருப்பை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்ட அதன் சொந்தக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஒரு சருவச்சட்டி வந்தது, அது யாருடையது என்று இரண்டு வீட்டுக்காரிகள் இன்றைக்கு வரைக்கும் பேசிக்கொள்வதில்லை. அடுத்த ஞாயிறு வீரம்மாளின் வெள்ளாடு வந்தது. எத்தனையோ வருசத்துக்கு முன்னால் ஓடையில் போன ஆடு, கழுத்தில் அதே கயிறு, ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியது. "இம்புட்டு நாளா எந்தக் காட்டுலடி மேஞ்சே?" என்று வீரம்மாள் அதை ஒரு சாத்துச் சாத்திவிட்டுக் கட்டிப்போட்டு அகத்திக்கீரை வைத்தாள். மாட்டாஸ்பத்திரியில் ஆட்டின் வயதைக் கேட்டபோதுதான் எந்தக் கணக்கைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சண்முகத்தாய் மழையோடு போய் அந்த ஆட்டைப் பார்த்தாள். அதன் நெற்றியைத் தடவினாள், காதைப் பிடித்துப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். அதே ஆடு. ஆபீசுக்குத் திரும்பி வந்து மீதி டிஸ்க்குகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆடு வருமென்றால் ஆளும் வருவான். அந்த ஐப்பசி இந்த டிஸ்க்குகளில் ஒன்றில்தான் இருக்கிறது. போடப் போட ஒருநாள் அது வரும், வெள்ளம் வரும், வெள்ளத்தோடு சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் வருவான். தலைமை அலுவலகமும் உத்தரவும் நாசமாகப் போகட்டும், அவளுக்கு அவன் வேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ராசாக்கனி வந்தார். "தாயி, தப்பா நெனைக்காதீக. வெள்ளத்து டிஸ்க் எதுன்னு முன்கூட்டியே சொன்னா, ஓடையை ஒட்டியிருக்கிற கீழத்தெருவைக் காலி பண்ணிக்கிடுவோம்."

"எனக்கென்ன சோசியமா தெரியும்? பொட்டு வச்ச புண்ணியவான் அந்தா நிக்கிறாரு, அவருகிட்டக் கேளுங்க."

சங்கிலி அண்ணாச்சி மெல்ல வாசல் பக்கமாக நழுவினார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் கீழத்தெரு சனம் முழுக்க, சட்டிபானை, கோழி, நடக்க முடியாத கிழடுகள் சகிதம் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிடும். அங்கே சுண்டல் விற்பவன் வந்தான், அப்புறம் பலூன்காரன் வந்தான். மாடியில் நின்றபடி எல்லோரும் உப்போடையைப் பார்ப்பார்கள், இன்னைக்கு வருவாரா என்று பேசிக்கொள்வார்கள். கீழே சண்முகத்தாய் டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஓடைக்கரைக்கு ஓடுவாள். அவிழ்ந்த கொண்டையோடு மழை நிற்கிற வரைக்கும் நிற்பாள். "வரட்டும், வந்தா இருக்கு அந்த மனுசனுக்கு" என்று கத்துவாள். ஒரு வாரம் வாளி வரும், ஒரு வாரம் கோழிக்கூடை வரும், ஒரு வாரம் யாரோ அடகு வைக்கக் கொண்டுபோய்த் தொலைத்த அண்டா வரும். அவன் வரவில்லை.

ஆடி போய் ஆவணி, புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. வானத்து மழை அந்த வருசம் பொய்த்தது. டிஸ்க் மழையை நம்பித்தான் மக்காச்சோளமும் உளுந்தும் முளைத்து நின்றன. கார்த்திகை பிறந்தபோது டிஸ்க்குகள் தீர்ந்துவிட்டன. கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு மழை, ஒரே ஒரு மழை இருந்தால் பிழைத்துவிடும் என்று சம்சாரிகள் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். "நான் என்ன வருண பகவானுக்குப் பொண்டாட்டியா?" என்று சீறிய சண்முகத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனையும் போட்டாயிற்று, வெள்ளம் வரவே இல்லையே. அப்படியென்றால் இன்னும் ஒன்று இருக்கிறது.

இருந்தது. ஆரம்பத்திலேயே ஒரு டிஸ்க் என்ன செய்தும் திறக்காமல் மக்கர் பண்ணியது. துடைத்தாள், ஊதினாள், வைதாள், கடைசியில் இது கெட்டுப்போனது என்று சங்கிலி அண்ணாச்சியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவர் அதைச் சைக்கிளுக்குப் பின்னால், வெளிச்சம் பட்டால் மின்னட்டும் என்று கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அவள் ஓடிப்போய் அதை அறுத்து எடுத்து வந்து, சேறு போகக் கழுவி, முந்தாணையில் ஒற்றி டிரைவில் வைத்தாள். பழையபடி திரையில் இங்கிலீசில் ஒரு கட்டம் வந்தது. போன் போட்டு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினாள்.

"கெட்டுப் போகலை மேடம்" என்றார் தினகர். "எழுதினவர் டிஸ்க்கை மூடலை. இன்னும் சேர்க்க வேண்டியது இருக்குன்னு அப்படியே விட்டிருக்கார். மாசம் முடிஞ்சதும் மூடியிருக்கணும். மூடினாத்தான் வேற கம்ப்யூட்டர் படிக்கும். நீங்களே மூடிடலாம், அதுல 'சரி'ன்னு அழுத்தினாப் போதும். மூடிட்டா அப்புறம் எதையும் சேர்க்க முடியாது, அவ்வளவுதான்."

"கடைசியா எந்த நாள் வரைக்கும் ஏத்தியிருக்கு?"

அதைப் பார்க்க அவர் சொன்ன இடத்தை அழுத்தினாள். தேதி வந்தது. குடையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றானே, அந்த நாள்.

வெள்ளம் வந்த நாள் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்த நாளை அளக்கப் போனவன்தான் திரும்பி வரவே இல்லையே. அளக்காத மழையை யார் ஏற்றுவார்கள்? வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று டிஸ்க்கைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருக்கிறான். கீழத்தெரு இத்தனை மாசமாக மாடி ஏறியதும் வீண், அவள் ஓடைக்கரையில் நின்றதும் வீண். சண்முகத்தாய் போனை வைத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்து, சத்தம் போட்டு அழுதாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

அந்த ஞாயிறு அவள் மூடவில்லை. மூடாமல் இருக்கிற வரைக்கும் அதில் ஒரு நாளுக்கு இடம் இருக்கிறது. ராசாக்கனி வந்து, "கதிர் கருகுது தாயி" என்று மட்டும் சொன்னார். "கருகட்டும்! என் வயிறு இத்தனை வருசமாக் கருகுச்சே, எவனாவது வந்து எட்டிப் பாத்தீகளா?" என்று அவள் கத்தினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வீரம்மாள் மட்டும் ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மதினி, நீங்க மூடாம வச்சிருந்தா மட்டும் அண்ணன் வந்துருவாகளா?"

"உனக்கென்ன பேச்சு, உனக்கு ஆடு வந்துருச்சு."

"ஆமா, வந்துருச்சு" என்றாள் வீரம்மாள். "ஆடு போன அன்னைக்கு என்னை ஏசுன மாமியாருதான் இப்ப இல்ல." ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கறிக்கடை மூடியதும் சண்முகத்தாய் ஆபீசைத் திறந்தாள். வெள்ளம் வராது என்று எத்தனை தடவை சொல்லியும் கீழத்தெரு கேட்கவில்லை, பழக்கம், சுண்டலுக்காகவாவது மாடி ஏறிவிட்டது. அவள் டிஸ்க்கை வைத்தாள். கட்டம் வந்தது. "இப்படிப் பாதியில போட்டுட்டுப் போறதுதான் உமக்கு வேலை. மிச்சத்தை இழுத்து மூட நான் ஒருத்தி" என்றாள். அழுத்தினாள். டிரைவ் வெகுநேரம் முனகியது. பிறகு எண்கள் இறங்கின.

அது கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. நின்று நிதானமாகப் பெய்கிற ஐப்பசி மழை, மத்தியானம் பிடித்தது சாயங்காலம் நிற்கவில்லை, விடிந்தும் தூறலாகக் கிடந்தது, கண்மாய் கரையைத் தொட்டு அதோடு நின்றது. அவள் இந்த முறை ஓடைக்கரைக்குப் போகவில்லை. ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் மங்குகிற நேரம் வாறுகாலில் கறுப்பாக ஒன்று உருண்டு வந்து படியில் முட்டி நின்றது. குடை. வளைந்த மரப்பிடி, அதில் வெள்ளைப் பெயிண்டில் கூடலிங்கம் எழுதிய 'கூ' அப்படியே இருந்தது. எடுத்து உதறினாள். விரித்தாள். ஒரு கம்பிகூட வளையவில்லை.

"ஒரு நாள் பொறுத்து அவரோட சேர்ந்து வந்திருந்தா என்னவாம்? சனியனே, அவரை விட்டுட்டு முன்னாலயே போயிட்டு முன்னாலயே வாரியா?" என்று அதை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகையை மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரும் இறங்கி வரவில்லை, அதுதான் மரியாதை என்று அவர்களுக்குப் பட்டது.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனாள், அளந்தாள், வந்தாள், அனுப்பினாள். தினகர் கூப்பிட்டார்.

"மேடம், அது பழைய மழைதானே? வழக்கம்போல மழை இல்லைன்னு..."

"சார், இவ்வளவு நாளா நீங்க சொன்னீகன்னு நனைஞ்சுக்கிட்டே மழை இல்லைன்னு போட்டேன். இனி முடியாது. காடெல்லாம் ஈரம். நான் குடை பிடிச்சுக்கிட்டுப் போயி என் கையால அளந்துட்டு வந்திருக்கேன். அந்த டிஸ்க்கை மூடியாச்சு சார். இது இன்னைக்கு மழை. இன்னைக்குத் தேதியிலதான் ஏத்துவேன்."

போனை வைத்தாள். ஏற்றினாள். ஆணியில் மாட்டியிருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் பரவியிருந்தது. "வந்ததும் வராததுமா ஆபீஸையே குளமாக்கியாச்சு, துடைக்க மட்டும் நானு" என்று அதைத் திட்டிக்கொண்டே சண்முகத்தாய் துணியைத் தேடி எடுத்தாள்.